காரீயம் வார்த்த மாதங்கள்

துரை அந்த அச்சை என் மேசைமேல் வைத்தபோது அதைப் பாக்குவெட்டி என்றுதான் நினைத்தேன். அதே அளவு, அதே மாதிரி இரண்டு கைப்பிடி. திறந்து பார்த்தால் இரும்பு வாய்க்குள் இரண்டு குழிகள். சுண்டுவிரல் நுனிகூட நுழையாத சின்னக் குழிகள்.

"இதில் குண்டு வார்க்க வேண்டும். உனக்கு ஈயம் தெரியும் என்று சொன்னார்கள்" என்றார்.

அவர் தமிழ் புத்தகத் தமிழ். பட்டாளத்தில் இருந்தபோது முன்ஷி வைத்துப் படித்தாராம். மற்ற துரைமார் எங்களிடம் பேசினால் பாதி அதட்டலும் பாதி சைகையுமாக இருக்கும். இவர் குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. மைன்ஸின் காவல் முழுக்க இவர் பொறுப்பில் இருந்தது. ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவர்களின் கோவணம்வரை சோதித்து அனுப்பும் ஆட்களெல்லாம் இவர் ஆட்கள்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. குடியாத்தம் பக்கத்திலிருந்து தங்கவயலுக்கு வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வருவதற்கு முந்திய காலம். சுரங்கக் கிணறான ஷாப்டுக்குக் கீழே மெழுகுவத்தி, மேலே நீராவி. நான் கீழே இறங்குகிறவன் இல்லை. கல்லில் தங்கம் எவ்வளவு என்று சோதிக்கிற அசே ஆபீஸில் உலை பார்க்கிறவன். கீழேயிருந்து வரும் கல்லைப் பொடித்துக் காரீயத்தோடு மூசையில் உருக்குவோம். கல்லில் இருக்கிற தங்கத்தையெல்லாம் ஈயம் பிடித்துக்கொள்ளும். அந்த ஈயத்தை எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் வைத்து மறுபடி காய்ச்சினால் ஈயம் போய்க் கடுகளவு தங்கம் நிற்கும். அதை நிறுத்துப் பார்த்துத்தான் எந்த ஆழத்து லெவலில் எவ்வளவு இருக்கிறது என்று முடிவு செய்வார்கள். ஆகவே காரீயம் என் கைக்குப் பழகின சாமான். துரை சரியான ஆளைத்தான் தேடி வந்திருந்தார்.

கோட்டுப் பைக்குள் அடங்கிவிடும் சின்ன ரிவால்வர் அவருடையது. மெட்ராஸிலிருந்து வரும் தோட்டாக்கள் வழியில் ஈரம்பட்டுப் பச்சை பூத்துவிடுகின்றன என்றார். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். குண்டு மட்டும் நான் வார்த்துக் கொடுத்தால் போதும், மருந்தும் கேப்பும் வைத்து அடைப்பதை அவரே பார்த்துக்கொள்வார்.

முதல் நாள் இருபது கேட்டார். அச்சு சூடேறாமல் ஊற்றினால் குண்டு கிழவி முகம் மாதிரி சுருங்கி வரும். ஏழெட்டைத் திரும்ப உருக்கிய பிறகு கை பிடிபட்டது. கரண்டியைச் சாய்த்து ஊற்றி, மனசுக்குள் நாலு எண்ணி, மேல் தகட்டைத் தட்டினால் வால் அறுந்துவிடும். அச்சைப் பிரித்தால் வெள்ளி மாதிரி பளபளப்பாய் இரண்டு விழும். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. தங்கத்தை நான் வருஷக்கணக்காக உருக்கியும் என் கையில் உருவம் எடுத்த பொருள் ஒன்றுகூட இல்லை. இது இருந்தது.

துரை ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். பிறகு அசே தராசில் வைத்து நிறுத்தார். தங்கத் துளி நிறுக்கிற தராசில் ஈயத்தை நிறுக்கிற ஆளை அன்றுதான் பார்த்தேன்.

"நல்ல கை. நாளை நாற்பது வேண்டும்" என்றார்.

நாற்பது அறுபதானது. கழிவு மண்மேட்டுக்குப் பின்னால் காலி பாட்டில்களை வரிசையாக வைத்துச் சுடுகிறார் என்று காவல்காரர்கள் சொன்னார்கள். சாயங்காலம் டப் டப்பென்று சத்தம் கேட்கும். பத்து நாளில் நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை.

அந்தச் சமயம் பெங்களூரில் பிளேக். நாங்கள் குடியிருக்கும் கூலி லைனில் திரியும் நாய்களை ஒழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. எலிக்கு வந்த நோய்க்கு நாய் என்ன செய்தது என்று யாரும் கேட்கவில்லை. விடியற்காலையில் துரை தனியாக வருவார். தட்டி வீடுகளின் நடுவே, சர்ச்சுக்குப் போகிறவர் மாதிரி நிதானமாக நடப்பார். ஒரு நாய்க்கு ஒரு குண்டுதான். இரண்டாவது குண்டு செலவழித்ததை யாரும் பார்த்ததில்லை.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, எதிர்வீட்டுக்காரி என் வாசலுக்கு வந்து நின்றாள். அவள் வீட்டு நாய் குட்டி போட்டிருந்தது. அன்று சுடப்பட்ட அந்தத் தாய்நாயைக் குழி தோண்டிப் புதைத்த கையோடு வந்திருந்தாள். ஒரு இலையை நீட்டினாள். அதில் நசுங்கிப் பூப்போல விரிந்த ஈயம் ஒன்று கிடந்தது.

"இந்தா. ஒன் சரக்கு. எடுத்து வச்சிக்கோ."

"நான் சுடலியேம்மா" என்றேன்.

"தொர ஊர்லேந்தா ஈயம் காய்ச்சி அனுப்புறான்? நீதான காய்ச்சிக் குடுக்கிற" என்று இலையைக் கீழே போட்டுவிட்டுப் போனாள்.

என் மனைவி உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நாளையிலிருந்து அத்த செய்யாதீங்க."

"செய்யலன்னா தொர கேப்பாரு."

"கேட்டா கை சுட்டுகிச்சின்னு சொல்லுங்க. ஒடம்பு சரியில்லன்னு சொல்லுங்க. எதுனா சொல்லுங்க. எனக்கு இது நல்லாவே படல."

மறுநாள் நான் எதுவும் சொல்லவில்லை. அறுபது வார்த்துக் கொடுத்தேன். அன்று துரை, "இனி வெள்ளீயம் சேர்க்காதே. சுத்தக் காரீயமாக இருக்கட்டும்" என்றார். குண்டு கெட்டிப்பட நான் சிட்டிகையளவு வெள்ளீயம் போடுவது வழக்கம். ஏன் என்று கேட்டேன்.

"ஊடுருவிப் போய்விடுகிறது. உள்ளே தங்க வேண்டும்" என்றார்.

நாய்கள் தீர்ந்தன. லைனில் ராத்திரி குரைப்பே இல்லாமல் போனது. ஆனாலும் அறுபது குறையவில்லை. நாய் இல்லாத இடத்தில் இவ்வளவு குண்டு எதற்கு என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். வாய்விட்டுக் கேட்கத் தைரியம் இல்லை.

எதற்கு என்பது என் வீட்டிலேயே தெரியவந்தது.

என் மனைவிக்கு ஒரே தம்பி. எங்களோடுதான் இருந்தான். கீழே டிரில் பிடிக்கிறவன். இருபது வயது, நல்ல உடம்பு, வாய் ஓயாமல் சிரிப்பு. அந்த வருஷம் ஆடியில் அவனோடு ஜோடியாக வேலை செய்தவன்மேல் கல் சரிந்தது. அதற்கப்புறம் அவன் சிரிப்பது குறைந்துபோனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி உரலை நகர்த்தித் துடைக்கும்போது அடியில் ஒரு துணி முடிச்சு கிடைத்தது. பிரித்தால் வெள்ளைக் கல் நாலு துண்டு. ஒவ்வொன்றிலும் மஞ்சள் நரம்பு ஓடியது. நான் தினமும் பார்க்கிற கல்தான். எந்த லெவல் என்றுகூடச் சொல்லிவிடுவேன்.

அவன் குளித்துவிட்டு வந்ததும் அதை முன்னால் வைத்தேன்.

"இன்னா மச்சான் இது?"

அவன் மறைக்கவில்லை. "பழைய ஷாப்ட் கீது இல்ல, ஏணி வச்சது. மேல் லெவல்லேந்து அதுக்குப் பொந்து வழி கீது மாமா. நைட் ஷிப்ட் முடிஞ்சி மூணு பேர் அப்பிடியே ஏறி வந்துடுவோம். சோதனை கீதனை ஒண்ணும் கிடையாது."

"அது திருட்டுடா."

"என் ஜோடிக்காரன் செத்தானே, அவன் பொண்டாட்டிக்கு இன்னா குடுத்தாங்க? இன்னும் நாலு தபா. அப்பறம் பூதிகோட்டைப் பக்கம் போயிடறேன். ஒரு ஜோடி எருது, கொஞ்சம் நெலம். இந்தப் பொந்துக்குள்ள இனிமே எறங்கமாட்டேன், அக்கா மேல ஆணை."

என் மனைவி அவன் தோளில் அடித்தாள், அழுதாள், விட்டுவிடு என்றாள். அவன் சரி சரி என்று தலையை ஆட்டினான். விடமாட்டான் என்று மூன்று பேருக்குமே தெரியும்.

மறுநாள் உலைக்கு முன்னால் நின்றபோதுதான் அந்த அறுபதும் யாருக்கு என்று எனக்கு விளங்கியது. காவல்காரர்கள் பழைய ஷாப்ட் பக்கம் தரையில் கால் தடம் பார்த்துக்கொண்டிருந்ததை நானே ஒருமுறை கண்டிருந்தேன். அன்று ஒரு காரியம் செய்தேன். அச்சில் பாதி ஊற்றி நிறுத்தி, மறுபடி ஊற்றினேன். மேலே பார்த்தால் ஒழுங்காக இருக்கும், வயிற்றில் பொள்ளல். அப்படிப்பட்ட குண்டு நேராகப் போகாது என்று துரையே ஒருநாள் சொல்லியிருந்தார். அறுபதில் முப்பதுக்கு மேல் அப்படி வார்த்துக் கலந்து வைத்தேன்.

துரை வந்தார். நாலைந்தை எடுத்துத் தராசில் போட்டார். எடைக்கல் தட்டு மேலே ஏறவில்லை. ஒன்றைப் பேனாக்கத்தியால் இரண்டாக அறுத்தார். உள்ளே இருந்த ஓட்டையை எனக்குக் காட்டினார்.

"ஈயம் அழுக்கா இருந்திச்சி தொரைங்களே" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "நான்கு மாதமாக உன் கை ஒரு முறையும் தவறியதில்லை" என்றார். பிறகு நாற்காலியை உலைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "எல்லாவற்றையும் உருக்கிவிடு. என் முன்னால் வார்."

அவர் பார்த்துக்கொண்டே இருக்க, அறுபதையும் வார்த்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. பயத்தில் கை அவ்வளவு சுத்தமாக வேலை செய்தது.

போகும்போது வாசலில் நின்று, "உன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

"நானும் பொஞ்சாதியும்."

"வேறு?"

பொய் சொல்லி என்ன பயன்? ஷிப்ட் புத்தகத்தில் வீட்டு எண் எழுதியிருக்கிறது. "அவ தம்பி" என்றேன். தலையை அசைத்துவிட்டுப் போனார். ஓட்டையுள்ள குண்டு எனக்காக வாயைத் திறந்து எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டது.

துரை மோப்பம் பிடித்துவிட்டார் என்று அன்றைக்கே மச்சானிடம் சொன்னேன். ஒரு வாரம் அந்தப் பக்கம் போகாமல் இருந்தான். எட்டாம் நாள், மாலையில் நைட் ஷிப்ட் இறங்கி முடிந்த பிறகு, துரையின் ஆள் வந்து என்னைக் கூப்பிட்டான். துரை பங்களா வராந்தாவில் உட்கார்ந்து தோட்டா அடைத்துக்கொண்டிருந்தார்.

"நாளை காலை ஐந்தரைக்குப் பழைய ஷாப்ட் அருகில் என்னோடு இருக்க வேண்டும். தோட்டாப் பெட்டியை நீ எடுத்து வா."

"நான் எதுக்கு தொரைங்களே?"

"வா" என்று மட்டும் சொன்னார்.

அங்கேயிருந்து நேரே, ஆட்களைக் கீழே இறக்கும் கேஜுக்கு ஓடினேன். மச்சானுக்கு அவசரமாகச் சேதி சொல்லவேண்டும், ஒருமுறை இறக்கிவிடு என்று மணி அடிக்கிறவனிடம் கெஞ்சினேன். சீட்டு இல்லாமல் ஒருத்தரையும் இறக்கக்கூடாது என்று அவன் கையை விரித்தான். எவனிடமாவது சொல்லி அனுப்பு, காலையில் கேஜிலேயே மேலே வரட்டும் என்றேன். சொல்லிப் பார்க்கிறேன் என்றான். சேதி மச்சானுக்குப் போய்ச் சேரவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. அவனை அன்று கல் உடைக்கும் வேறு முகப்புக்கு மாற்றியிருந்தார்களாம்.

மார்கழிப் பனி. தங்கவயல் பனி தெரிந்தவர்களுக்குத் தெரியும். பத்தடிக்கு அப்பால் மனுஷன் நிழல்கூடத் தெரியாது. ஷாப்ட் வாய்க்கு ஏழெட்டு அடி தள்ளி, சரிந்த கல்சுவர் ஒன்றின் பின்னால் துரை, இரண்டு காவல்காரர்கள், நான். பெட்டி என் மடியில் கனத்தது. ஷாப்ட் வாய்மேல் போட்டிருந்த பலகை மெல்ல நகர்ந்தது. ஒரு தலை. பிறகு இன்னொன்று. துரை அசையவில்லை. மூன்றாமவனும் ஏறி, குனிந்து பலகையை இழுத்து மூடும்வரை பொறுத்திருந்தார். அந்தக் குனிந்த முதுகு எனக்குத் தெரியும்.

துரையின் கை உயர்ந்ததும் என்னையறியாமல் கத்திவிட்டேன்.

"மச்சான்! ஓடு!"

மற்ற இருவரும் பனிக்குள் பாய்ந்து மறைந்தார்கள். அவன் ஓடவில்லை. என் குரல் வந்த பக்கம் திரும்பி நின்றான்.

"மாமாவா? அக்காவுக்கு இன்னா ஆச்சி?"

சத்தம் பெரிதாகக்கூட இல்லை, காய்ந்த குச்சியை ஒடிக்கிற மாதிரி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் ஓடிப் போய்த் தாங்கிக்கொண்டேன். அப்போதும் அவன் கேட்டது, "அக்கா நல்லாக்கீதா?" என்றுதான்.

துரை நிதானமாக வந்து, அவன் இடுப்புத் துணியிலிருந்த கல் முடிச்சை எடுத்துக் காவல்காரனிடம் கொடுத்தார். என்னைப் பார்த்து, "இவன் உன் குரலுக்கு நிற்பான் என்று நினைத்தேன்" என்றார். அவர் அதைப் பாராட்டுப் போலச் சொன்னார். அந்தக் குரலை நான் மறக்க முயன்று முடியாமல் இருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் குண்டை எடுக்க முடியவில்லை. எலும்போடு ஒட்டி உள்ளேயே தங்கிவிட்டது என்றார் டாக்டர். அவன் பிழைத்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு கட்டிலிலிருந்து கோர்ட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அதற்கு முந்தைய நாள் மைன்ஸ் குமாஸ்தா ஒரு காகிதத்தோடு என்னிடம் வந்தார். கன்னடத்தில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினார். நில் என்று மூன்று தடவை சொல்லியும் அவன் ஓடிப்போனான், அதனால் சுட நேர்ந்தது, இதை நான் கண்ணால் பார்த்தேன். கட்டைவிரலுக்கு மை தடவ டப்பாவையும் திறந்து வைத்தார்.

"ஓடலீங்க. நின்னான்" என்றேன்.

"நீ ஓடுன்னு கத்தினத நாங்க எழுதல பாரு. உனக்கு நல்லதுதான பண்ணிகீறோம். வை."

நான் விரலைக் கொடுக்கவில்லை. அந்த ஐந்து மாதத்தில் நான் மாட்டேன் என்று சொன்னது அது ஒன்றுதான். கோர்ட்டில் மாஜிஸ்திரேட் கேட்டபோதும் சொன்னேன்: "ஓடல சாமி. என் கொரலுக்குத் திரும்பி நின்னான். நிக்கிறவனத்தான் சுட்டாங்க. குண்டு வார்த்தது நானு." மாஜிஸ்திரேட் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். துரை பக்கமும் பார்த்தார். பிறகு மறுபடி எழுத ஆரம்பித்தார். திருட்டுக்காக அவனுக்கு ஒரு வருஷம். சுட்டதைப் பற்றி யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. நான் கூண்டைவிட்டு இறங்குவதற்குள் என் வேலை போயிருந்தது. அடுத்த கோடையில் துரை ஆப்பிரிக்காவில் ஏதோ சுரங்கத்துக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

கோரமண்டல் ஸ்டேஷனில் மூட்டை தூக்கினேன். என் மனைவி வேளைக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், பேசமாட்டாள். ஆறேழு மாதம் அப்படியே கழிந்தது. ஒருநாள் நானே தாங்கமாட்டாமல், "கோர்ட்ல உள்ளத சொன்னேனே" என்றேன்.

"சொன்னீங்க. தெரியும். அத்த வச்சி நான் இன்னா பண்ண?" என்றாள். பிறகு அடுப்பை ஊதிக்கொண்டே, "அன்னிக்கே கை சுட்டுகிச்சின்னு சொல்லியிருந்தா ஆயிருக்கும்" என்றாள்.

அவன் விடுதலையானதும் மூன்று பேரும் பூதிகோட்டைப் பக்கம் போனோம். விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரக் குத்தகைக்கு ஒரு துண்டு நிலம் கிடைத்தது, ராகி போட்டோம். ஏர் பிடிக்க அவனால் ஆகவில்லை, நான் பிடித்தேன். அவன் வரப்பில் காலை நீட்டி உட்கார்ந்து விதை பிரிப்பான். பனிக்காலத்தில் இடுப்பு கடுத்து ராத்திரி முழுக்கப் புரளுவான். என்மேல் கோபம் உண்டா என்று கேட்கப் பல தடவை வாயெடுத்து விழுங்கியிருக்கிறேன். ஒருநாள் அவனே ஆரம்பித்தான்.

"மாமா, நீ 'மச்சான்'னு கூப்பிட்டியே. வெறுமனே 'ஓடு'ன்னு கத்தியிருந்தா ஓடியிருப்பேன்."

"வேற எப்பிடிக் கூப்பிடறது உன்ன?"

"அதுவும் சரிதான்" என்றான். மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவன் எழுந்திருக்கக் கையை நீட்டினான். நான் பிடித்துத் தூக்கினேன். மாடுகளை அவிழ்த்துக்கொண்டு, அவன் கால் போகிற வேகத்துக்கு, வீட்டுக்கு நடந்தோம்.